உரித்தாளர் நேரில் வரவேண்டும்

மீராமுகைதீன் அந்த வரியைச் சொன்னபோது அவருக்கு நல்ல பசி. காலையில் தொடங்கிய மாவட்டக் கூட்டம் லுஹர் தொழுகை நேரம் தாண்டியும் முடிகிறபாடில்லை. அரசாங்கம் பாதி விலைக்குக் கொடுக்கிற யூரியாவை விவசாயிகள் ஏன் வயலுக்குப் போடுவதில்லை என்பதுதான் பேச்சு. விவசாயிக்குப் பழக்கம் போதாது, படம் காட்டவேண்டும், துண்டுப்பிரசுரம் அடிக்கவேண்டும் என்று மேசையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் மாறிமாறிச் சொன்னார்கள். கல்முனைப் பக்கத்து விவசாய விரிவாக்க உத்தியோகத்தரான மீராமுகைதீன் கடைசிக் கதிரையில் இருந்தார். வயிறு கத்தியதாலோ என்னவோ, எழும்பிவிட்டார்.

"பழக்கமெல்லாம் இரிக்கி சேர். பசளைதான் வயலுக்கு வந்து சேருதில்ல" என்றார்.

அது உண்மைதான். இந்தக் கரையில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்கு. கலியாணத்தின்போது வாப்பா மகள் பெயருக்கு எழுதிவிடுவார். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருந்து அந்த வயலைச் செய்வார். ஆகவே பசளை அட்டையும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். பசளை கொடுக்கிற விவசாய நிலையத்துக்குப் பெண்கள் வருவதில்லை. "என் பசளையை இன்னாரிடம் கொடுக்கவும்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு யாராவது ஓர் ஆண் வருவான். கல்முனைச் சந்தை வியாபாரிகள் இதைக் கண்டுபிடித்துப் பல காலமாயிற்று. வீடுவீடாக ஆள் அனுப்பிக் கடிதம் சேர்த்தார்கள். பெண்ணுக்குச் சேலைக்கோ சீனிக்கோ ஏதோ கொஞ்சம். மூட்டை முழுக்க வியாபாரிக்கு. பிறகு அதே மூட்டையை அந்தப் பெண்ணின் புருசனே கடையில் முழு விலை கொடுத்து வாங்கினான், இல்லையென்றால் வாங்காமல் விட்டான்.

"அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள்.

"கடிதத்த நிப்பாட்டணும் சேர். அட்டை ஆர்ட பேரிலயோ அந்த உரித்தாளர் நேரில வரணும். வந்து கையெழுத்து வெச்சாத்தான் பசளை."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எளிமையான சட்டம், செலவில்லாத சட்டம். உடனே எழுதினார்கள், ஒரு வட்டையில், அதாவது ஒரு வயல்வெளியில், பரீட்சித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். பரீட்சைக்கு மீராமுகைதீனின் வட்டையே கிடைத்தது. நாவிதன்வெளிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் பாய்கிற கோரவெளி வட்டை. பிறகு சாப்பாடு வந்தது.

எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துகிற புத்தி மனிதனுக்குப் புதிதில்லை. கொளுத்துகிறவனே அந்த வீட்டில் குடியிருப்பவனாகவும் இருந்தால்தான் வேடிக்கை. அந்த மேசையில் இருந்தவர்களில் இத்தா என்றால் என்னவென்று அனுபவத்தில் தெரிந்த ஒரே ஆள் மீராமுகைதீன். புருசன் மௌத்தானால், இறந்துபோனால், பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், வெளியே போகக்கூடாது, பிற ஆண்கள் பார்க்கக்கூடாது என்பதெல்லாம் அவர் ஓதித் தெரிந்துகொண்டதில்லை. அவருடைய உம்மா அப்படி இருந்தபோது கடைக்கும் வீட்டுக்கும் நடந்தவர் அவர்தான். கூட்டத்தில் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அரசாங்கக் கச்சேரிக்குப் போகும்போது நாம் சேர்ட்டை மாற்றுகிறோம் அல்லவா, அத்தோடு வேறு சிலவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

சட்டம் எண்பதாம் ஆண்டு பெரும்போகத்தில் நடைமுறைக்கு வந்தது. முதல் கிழமையே பெண்கள் வந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வேனில் ஏழெட்டுப் பேராக வந்து இறங்கிக் கையெழுத்து வைத்தார்கள். வேன் அப்துல் ஸமட் ஹாஜியாருடையது என்று மீராமுகைதீனுக்குத் தெரியும். கல்முனையில் அரிசி ஆலையும் கடையும் வைத்திருந்த ஹாஜியார், வேனை வாடகைக்கு விடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். உரித்தாளர்கள் மிக்க ஆர்வத்துடன் நேரில் சமுகமளிக்கின்றனர் என்று அறிக்கை எழுதி அனுப்பினார். அன்று வீட்டில் மனைவியிடம்கூட இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை.

அந்தப் போகத்தில்தான் ஜுனைதாவின் தம்பி முகைதீன்பாவா வந்தான். ஜுனைதா கலியாணமாகாத இரண்டு குமருகளோடு விதவையாகிப்போனவள். வயல் கோரவெளியில்.

"ராத்தா இத்தாவில இரிக்கா சேர். எப்பிடி வாற?" என்றான்.

"முடிஞ்சொடன வரச் சொல்லுங்க."

"அது முடியக்குள்ள வேளாண்மையும் வெட்டி முடிஞ்சிரும் சேர்."

"நான் என்னகா செய்ற? உங்களுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் எண்டு எழுத ஏலுமா?"

முகைதீன்பாவா சண்டை பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் களஞ்சியக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டான். மீராமுகைதீனுக்கு உள்ளே சின்னதாக ஒரு திருப்திகூட இருந்தது. இரக்கப்பட்டால் சட்டம் நிற்காது, ஒருவனுக்கு விட்டால் ஊருக்கே விடவேண்டும், தான் விடவில்லை. அந்த வருடம் ஜுனைதாவின் வேளாண்மை மஞ்சள் பூத்து முழங்காலுக்கு மேல் வளராமல் நின்றது. சூடடித்து வந்த நெல் கூலிக்குத்தான் போதுமாயிருந்தது. வயலை ஈடு வைத்தாள். ஈடு வைத்த வயல் திரும்பி வந்ததாக அந்த ஊரில் சரித்திரம் இல்லை. அடுத்த போகம் தொடங்குமுன் அது அப்துல் ஸமட் ஹாஜியாரின் மனைவி பெயருக்கு எழுதப்பட்டது.

அடுத்த போகம் சிறுபோகம். விதைத்து முடித்த கையோடு மீராமுகைதீனின் மருமகன் இஸ்மாலெவ்வை மௌத்தானான். வாய்க்கால் கட்டின் மேல் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினை ஓட்டிக்கொண்டு வந்தான், கரை இடிந்தது, மெசின் மேலே, அவன் கீழே. செய்தி வந்தபோது மீராமுகைதீன் நிலையத்தில் விதைநெல் நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த மூட்டையை நிறுத்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது.

அதிலிருந்து அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார், மண் போட்டார், கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுத்தார். எல்லோரும் அழுதார்கள், இவருக்கு வரவில்லை. சாப்பிட்டால் ருசி இல்லை, சாப்பிடாவிட்டால் பசி இல்லை. வேலைக்கு நேரத்துக்குப் போனார், வந்தார். சைக்கிளில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்றார். பொறுமைசாலி என்று ஊர் மெச்சியது.

மகள் நஸீறா வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் இருந்தாள். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. மீராமுகைதீன் சீதனமாக எழுதிக்கொடுத்த கோரவெளி வயல்தான் இருவருக்கும் ஒரு வருடச் சோறு. அதுதான் நாளைக்கு அந்தச் சின்னவளுக்குச் சீதனமும். அது போனால் தாயும் பிள்ளையும் யார் வீட்டு வாசலிலாவது நிற்கவேண்டியதுதான். கூலியாள் ஒருவனை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா, மேற்பசளை போட்டாச்சா?" என்று ஒருநாள் நஸீறா கேட்டாள். "குருத்து வர முந்திப் போடணும் எண்டு அவர் சொல்லுவார்."

"போடுவம் மகள்."

"ஜுனைதா மாமிட வயல் மாதிரி ஆகிருமோ எண்டு பயமா இரிக்கி வாப்பா."

"ஓம்" என்றார். அவள் அவரை ஒருமாதிரிப் பார்த்தாள். என்ன கேட்டாள், எதற்கு ஓம் சொன்னோம் என்று சைக்கிளில் ஏறின பிறகுதான் விளங்கிற்று.

வயல் மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது. அடிப்பசளை இஸ்மாலெவ்வை இருக்கும்போதே போட்டது. இனி யூரியா விழவேண்டும், இந்தக் கிழமைக்குள் விழவேண்டும். மீராமுகைதீன் இதைத்தான் வருடக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். வரம்பில் நின்று இலையைக் கிள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

களஞ்சியப் பொறுப்பாளர் பெனடிக் தானாகவே கதையைத் தொடங்கினார். கல்முனை வேதக்கார மனிதர், கிறிஸ்தவர், நல்லவர்.

"சேர், மகளுட மூட்டைகள் அப்பிடியே கிடக்கு. ஆளனுப்பி எடுங்களன்."

"அவ வர ஏலா பெனடிக்."

"எனக்குத் தெரியாதா? மூட்டைய ஏத்துங்க. கையெழுத்த நான் பாத்துக்கிறன்."

மீராமுகைதீன் களஞ்சிய வாசலுக்குப் போனார். முகைதீன்பாவா நின்ற அதே இடத்தில்தான் தான் நிற்பதைக் கண்டார். அந்த நாள் அவன் எங்கே பார்த்துக்கொண்டு நின்றானோ அந்தக் கதவைத்தான் இப்போது இவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேர்மை என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவேண்டாம். நேர்மை என்றால் நெஞ்சில் ஏதாவது சூடு இருக்கும். இவருக்கு அந்த மூட்டையைத் தொடக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

"வேணாம். அவனுக்குக் குடுக்கல்லத்தானே" என்றார்.

"ஆருக்கு சேர்?"

மீராமுகைதீன் சைக்கிளை எடுத்தார்.

அந்தப் போகம் கடைகளிலும் யூரியா இல்லை. இருக்கிற ஒரே இடம் அப்துல் ஸமட் ஹாஜியாரின் ஆலை. மீராமுகைதீன் அங்கே போனார். எந்த வியாபாரிகளைப் பிடிப்பதற்காகச் சட்டம் போட்டாரோ அவர்களில் ஒருவரிடமே போனார். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார், அதுவும் வரவில்லை.

ஹாஜியார் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கதிரை போடச் சொன்னார், பிளேன்டீ எடுக்கச் சொன்னார். இஸ்மாலெவ்வையின் நல்ல குணங்களைச் சொல்லிக் கண் கலங்கினார். பொய்க்குக் கலங்கவில்லை, அவர் அப்படித்தான், மௌத்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போகிறவர். ஆலையின் பின்பக்கம் யூரியா மூட்டைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றிலும் அரசாங்க முத்திரை.

"இதெல்லாம் எப்பிடி ஹாஜியார்?"

"உங்கட சட்டப்படிதான் சேர்" என்றார் ஹாஜியார். "உரித்தாளர் நேரில வந்து, கையெழுத்து வெச்சி எடுத்த. நம்மட வேன்லதான் ஏத்தி இறக்கிற. வாசலுக்கு முன்னால ஏத்தி வாசலுக்கு முன்னால இறக்கிருவன். வாறவங்களுக்கு ஒரு சோடாவும் குடுக்கிற. மூட்டை இஞ்ச வந்திரும்."

மீராமுகைதீன் தேநீரில் ஒரு மிடறு குடித்தார்.

"ஒளிக்காமச் சொல்றன் சேர். கடித காலத்தில சந்தையில பத்து யாவாரி எனக்குப் போட்டி. ஆர் வேணுமெண்டாலும் கடிதம் வாங்கலாம்தானே. இப்ப வேன் வெச்சிரிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அல்லாஹ் உங்களுக்கு நல்ல புத்திய குடுத்தான்."

சட்டத்துக்குப் பயந்து ஒரு மூட்டையும் வயலுக்குப் போகவில்லை என்பது இப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது. நேரில் வரக்கூடியவர்களை ஹாஜியார் கொண்டுவந்தார். நேரில் வரமுடியாதவர்கள் இரண்டே வகை: பாயில் கிடக்கும் நோயாளிகள், இத்தாவில் இருக்கும் பெண்கள். சட்டம் தடுத்தது அவர்களை மட்டும்தான். இதைக் கேட்டு இடிந்துபோயிருக்கவேண்டும். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

காசை எடுத்து நீட்டியபோது ஹாஜியார் கையைத் தட்டிவிட்டார்.

"மௌத்து வீட்டுக் காசு எனக்கு வேணாம் சேர். மகளுக்கு வேணுங்கிறத ஏத்துங்க. ஒண்டே ஒண்டு. அறுவடைக்கு முந்திக் கொழும்பால பெரியாக்கள் வயல் பாக்க வாறாங்களாம். சட்டம் நல்லா வேல செய்யிது எண்டு உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லிருங்க."

"ஓம்" என்றார் மீராமுகைதீன்.

யூரியா விழுந்தது, தண்ணீர் கட்டினார்கள், ஒரு கிழமையில் வயல் கரும்பச்சையாகிவிட்டது. பயிருக்கு எந்த மூட்டை என்று தெரியாது. நஸீறாவிடம் சொன்னபோது அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கதிர் முற்றிவரும் நாளில் கொழும்பு ஆட்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் பாக்கியராசா. மட்டக்களப்பு மனிதர், கொழும்பில் பெரிய பதவி, மெதுவாகப் பேசுகிறவர். கமரா வைத்திருந்த ஒருவரும், கணக்கெடுக்கிற ஒருவரும் கூட வந்தார்கள். உரித்தாளர்களையும் வயலில் காணவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆகவே ஹாஜியாரின் வேன் வாய்க்கால் கட்டில் வெயிலுக்குள் நின்றது, உள்ளே பெண்கள் இருந்தார்கள். அவரவர் வயல் வரும்போது ஒருவர் இறங்கி, வரம்பில் முக்காட்டோடு நின்று, திரும்பவும் ஏறிக்கொண்டார். ஹாஜியார் எல்லோருக்கும் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு நடந்தார்.

நஸீறாவின் வயலுக்கு வந்ததும் பாக்கியராசா நின்றுவிட்டார்.

"இதுதான் நல்ல வேளாண்மை. ஆருடையது?"

"என்ட மகளுட சேர்" என்றார் மீராமுகைதீன்.

"அப்படியா? நல்லது. கூப்பிடுங்க, ஒரு படம் எடுப்பம்."

"வர ஏலா சேர். இத்தாவில இரிக்கா. மருமகன் சித்திரை கழியக்குள்ள மௌத்தாகிட்டார்."

பாக்கியராசா வருத்தத்தோடு தலையசைத்தார். மட்டக்களப்பில் வளர்ந்தவருக்கு இத்தாவை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டடி நடந்தார். பிறகு திரும்பினார்.

"அப்ப மேற்பசளைக்கு ஆர் வந்து கையெழுத்து வெச்ச?"

பெனடிக் நிலத்தைப் பார்த்தார். ஹாஜியார் இளநீர் வெட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் கத்தி மெதுவாயிற்று. மீராமுகைதீனுக்குப் பயம் வரவில்லை. யாரோ வேறொருவர் பேசுவதைக் கேட்பதுபோல் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் வெக்கல்ல சேர். அவக்குப் பசளை குடுக்கல்ல. இது ஹாஜியார்ட ஆலையில எடுத்த. அங்க கிடக்கிறதெல்லாம் அரசாங்கப் பசளை. இந்தா வேன்ல இரிக்கிற பொம்புளையள்தான் கையெழுத்து வெச்ச. அவங்கட வயலுக்கும் அது போகல்ல. நான் சொன்ன சட்டம் சரியில்ல சேர். வரமுடியாத பொம்புளையளுக்கு மட்டும்தான் அது கதவடைச்சிருக்கு."

இவ்வளவையும் ஒரே மூச்சில், வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரிச் சொன்னார். ஒரு அதிகாரி குரலை உயர்த்தினால் மற்ற அதிகாரி பயப்படுவான். இவர் உயர்த்தவில்லை. பாக்கியராசா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கணக்கெடுக்கிறவரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"பாவம், மகளுட கவலையில இருக்கிறார். இந்த வயலை விடுங்க. மானியப் பசளை எடுக்காத வயலைச் சேர்த்தால் எங்கட கணக்குக் குழம்பிப்போகும்."

கணக்கெடுக்கிறவர் ஒரு கோடு கீறினார். பக்கத்து வயலுக்கு நடந்தார்கள். அது முன்பு ஜுனைதாவின் வயல். ஹாஜியாரின் மனைவி வேனிலிருந்து இறங்கி வந்து நின்றாள். உரித்தாளர் நேரில் வந்திருந்தார், கையெழுத்துச் சரியாக இருந்தது, வேளாண்மையும் நன்றாக இருந்தது. கமராக்காரர் படம் எடுத்தார். "மீராமுகைதீன், நீங்களும் வந்து நில்லுங்க. உங்கட யோசனைதானே இது" என்று பாக்கியராசா அன்போடு கூப்பிட்டார். கால்கள் போயின. போய் நின்றார். அடுத்த போகத்திலிருந்து இந்தச் சட்டம் மாவட்டம் முழுவதற்கும் என்று பாக்கியராசா அங்கேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், பெனடிக்கும் தட்டினார்.

ஜீப் புறப்பட்டுப் போனபின் ஹாஜியார் அவரிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பெனடிக் நினைத்தார். அவர் வந்த விதத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஒரு இளநீரைக் கையில் கொடுத்தார்.

"சொன்னது சொன்னதுதான் சேர், பரவாயில்ல. எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவங்க நல்லாத்தானே எழுதிட்டுப் போறாங்க."

வேனின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெண்கள் வெக்கையில் முக்காட்டுத் தலைப்பால் விசிறிக்கொண்டு, யாரும் யாரோடும் பேசாமல் நெருக்கி இருந்தார்கள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஹாஜியார் உள்ளே எட்டி, அந்த இடத்தைக் கையால் தட்டித் தூசு போக்கினார்.

"அடுத்த போகத்துக்கு மகளுக்கு இத்தா முடிஞ்சிரும்தானே சேர். நீங்க கரச்சல்பட வேணாம். அவக்கும் இதுல ஒரு இடம் வெச்சிருக்கன்."

மீராமுகைதீன் அந்த இடத்தைப் பார்த்தார். நஸீறா அதில் இருப்பதைப் பார்த்தார். மருமகனின் முகத்தைக் கடைசியாகத் திறந்து காட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது. இளநீர் கையிலிருந்து விழுந்தது. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பெண்கள் விசிறுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். "மருமகன நினைச்சி அழுறார்" என்று உள்ளே ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

ஹாஜியாரின் கண்ணும் கலங்கிவிட்டது. அவரை அணைத்துப் பிடித்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழுங்க சேர், அழுங்க. இவ்வளவு நாளும் அடக்கி வெச்சிருந்தீங்க. நல்ல புள்ள அவன்."

மீராமுகைதீன் இல்லை என்று சொல்லவில்லை. ஹாஜியாரின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டே இருந்தார்.